அறுபத்திரண்டாம் நம்பர் மாப்பிள்ளை

மரத்தின் பருமனை எந்த இடத்தில் அளப்பது என்று வனவியல்காரர்களுக்குள் அடிதடி வராமல் இருக்க ஒரு விதி உண்டு. அடியில் அளந்தால் வேர் புடைத்துக்கொண்டு நிற்கும். உச்சியில் அளக்க மனிதனுக்கு வால் கிடையாது. ஆகவே நெஞ்சளவு உயரத்தில் அளக்க வேண்டும் என்று வைத்தார்கள். யாருடைய நெஞ்சு என்ற கேள்வி உடனே வரும் அல்லவா? அதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள். தரையிலிருந்து நூற்று முப்பது சென்டிமீட்டர். அந்த உயரத்தில் யாருக்கு நெஞ்சு இருக்கிறதோ அவர் பாக்கியசாலி.

இந்தக் கதை நடக்கும் காகித ஆலையின் மர ஆராய்ச்சி நிலையத்தில் அப்படிப்பட்ட பாக்கியசாலி ஒருவரும் இல்லை. அளவெடுக்கும் குழுவின் தலைவரை எல்லோரும் ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆனால் அவரை அண்ணாந்து பார்த்தவர்கள் யாருக்கும் அது நினைவில் நின்றதில்லை. ஏணிக்கு அந்த உயரம் விலா எலும்பு முடிந்து வயிறு ஆரம்பிக்கும் இடத்தில் வரும். டாக்டரம்மாவுக்கோ அது தொண்டைக்குழியில் வரும். இரண்டு பேருமே தங்கள் உடம்பில் அந்த இடத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். ஏணிக்குச் சட்டைப் பையின் அடித்தையல். டாக்டரம்மாவுக்குக் காக்கிக் கோட்டின் மேல் பொத்தான். சரியாக அந்த உயரத்தில் சிவப்புக் கோடு போட்ட அளவுக் கழி ஒன்றும் நிலையத்தில் இருக்கத்தான் செய்தது. அது கிடங்கு அறையின் ஜன்னல் சாத்திக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கும் பணியில் பல வருஷமாக இருந்தது.

டாக்டரம்மா என்றதும் ஊசி, மாத்திரை என்று போய்விட வேண்டாம். அவர் வாங்கியது மரத்தில் டாக்டர் பட்டம். குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருமிக்கொண்டே வந்து வாசலில் நிற்பார்கள். "நான் மரத்துக்குத்தாங்க டாக்டர்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். அதற்கப்புறம் வாடின ரோஜாத் தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள்.

நிலையத்தில் அவருடைய வேலை, தைலமரத்தில் உருப்படியான ரகம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. எங்கேயாவது ஒரு மரம் மற்றதையெல்லாம்விட நெடுநெடுவென்று, கோணல் இல்லாமல் நிற்கும். அதன் இளங்கிளையை நறுக்கி, நீரைப் புகையாகத் தெளிக்கும் கூடத்தில் வைத்து வேர்விட வைத்தால், அச்சு அசலாக அதே மரம் இன்னொன்று கிடைக்கும். அதற்குக் குளோன் என்று பெயர். இப்படி எழுபதுக்கும் மேற்பட்ட குளோன்களை ஒரே வயலில் பல பாத்திகளாகக் கலந்து நட்டு, ஒவ்வொரு வருஷமும் அளந்து பார்ப்பார்கள். ஏழாம் வருஷம் ஒரு கமிட்டி உட்காரும். ஒன்றே ஒன்றைப் பொறுக்கி எடுக்கும். அது லட்சக்கணக்கில் நாற்றாகி மரம் வளர்க்கிறவர்களின் நிலத்துக்குப் போகும். மிச்சம் அத்தனையும் வெட்டப்பட்டு ஆலைக்குப் போகும். நாற்றங்காலில் இருக்கும் அவற்றின் தாய்ச்செடிகளையும் பிடுங்கிவிடுவார்கள். காட்டில் தோற்ற மரம் ஓரமாக நின்றாவது பிழைக்கும். ஆராய்ச்சி நிலையத்தில் அந்தச் சலுகை கிடையாது.

அதனால்தான் அங்கே இன்னொரு விதியும் இருந்தது. கமிட்டி தேர்ந்தெடுக்கும்வரை எந்தக் குளோனுக்கும் பெயர் கிடையாது, நம்பர்தான். பெயர் வைத்தால் பாசம் வரும், பாசம் வந்தால் டேப் இளகும் என்பது டைரக்டரின் சித்தாந்தம். தப்பித் தவறி யாராவது ஒன்றுக்குப் பெயர் வைத்துவிட்டால், அவர்கள் அந்தக் குளோனை அளக்கக் கூடாது. இந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னதே டாக்டரம்மாதான்.

சரி, ஊருக்கு உபதேசம் செய்தவர் என்ன செய்தார்? நட்ட மூன்றாம் வருஷமே அறுபத்திரண்டாம் நம்பரிடம் மனதைப் பறிகொடுத்தார். வெள்ளைப் பட்டை, பக்கக் கிளை இல்லாத நேர் உடம்பு, காற்றடித்தாலும் அலட்டிக்கொள்ளாத நிற்பு. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், வீட்டில், வாய் தவறி, "இன்னிக்கு மாப்பிள்ளை என்ன ஜம்முனு நிக்கறார் தெரியுமா!" என்றார்.

எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அவருடைய கணவர் நிமிர்ந்து பார்த்தார். கணவர் சர்வேயர். ஊரார் நிலத்தையெல்லாம் மில்லிமீட்டர் சுத்தமாக அளந்து கல் நடுகிற ஆள். வீட்டில் மட்டும் தன் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் அலைவார்.

"எந்த மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

"அறுபத்திரண்டு."

"வயசா?"

"நம்பர்!"

"அப்போ சரி," என்று சர்வேயர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். "உங்க வீட்டுக்கு நான் பழைய மாப்பிள்ளை. என்னையும் வருஷத்துக்கு ஒருவாட்டி அளந்து பாத்தா நல்லாயிருக்கும்."

அன்றிலிருந்து வீட்டில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. சர்வேயர் வாய் சும்மா இருக்காது. தன் தங்கையிடமும் சொல்லிவிட்டார். ஆக, ரகசியம் மூன்று பேருக்குள் இருந்தது.

டாக்டரம்மா அதோடு நிற்கவில்லை. வருஷாந்தர அளவெடுப்பில் மற்ற குளோன்களையெல்லாம் ஏணியின் குழுவுக்கு விட்டுவிட்டு, அறுபத்திரண்டை மட்டும் எல்லாப் பாத்திகளிலும் தானே அளந்தார். கேட்டால், "முக்கியமான கேண்டிடேட், சீனியர் ஆள் அளக்கணும்" என்பார். டேப்பை இளக்கவெல்லாம் இல்லை. அந்த விஷயத்தில் அவரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஒழுங்காக நேரே நிற்பார், மேல் பொத்தானைக் கையால் தொட்டுப் பார்த்து அதற்கு நேராக டேப்பைச் சுற்றுவார், இறுக்குவார், படிப்பார். அவ்வளவுதான்.

ஐந்தாம் வருஷம்வரை மாப்பிள்ளை நாலாவதோ ஐந்தாவதோ இடத்தில் மரியாதையாக இருந்தார். ஆறாம் வருஷம் திடீரென்று உடம்பு போட்டார். ஏழாம் வருஷம் முதலிடம். டாக்டரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. சில ரகங்கள் தாமதமாகத்தான் பருக்கும், அவசரப்பட்டு மதிப்பிடக் கூடாது என்று ஒரு கொள்கையையே உருவாக்கி, படம் போட்டு, கமிட்டிக்குக் காட்ட வைத்திருந்தார். அவருக்கு இது கடைசி வாய்ப்பு. இன்னொரு ஏழு வருஷச் சோதனையை முடிக்கிற அளவுக்குச் சர்வீஸ் பாக்கி இல்லை. தன் கையால் ஒரே ஒரு மரமாவது வெளியே போக வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். அந்த ஆசையில் எந்தத் தப்பும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கமிட்டி திங்கட்கிழமை என்று முடிவானது. அதற்கு முந்தின வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து லேசர் வந்தது. லேசரை முதுகில் சுமந்துகொண்டு வந்தவள் வேறு யாரும் இல்லை, டாக்டரம்மாவின் நாத்தனார்.

நாத்தனார் கம்பெனியின் வரைபடப் பிரிவில் வேலை செய்பவள். பள்ளிக்கூடப் பை மாதிரி முதுகில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு மரவரிசைகளுக்கு நடுவே சும்மா நடப்பாள். கருவி நாலா பக்கமும் ஒளியை விட்டு, காட்டையே புள்ளிகளாக எடுத்துக் கம்ப்யூட்டரில் போடும். அப்புறம் எந்த மரத்தை வேண்டுமானாலும் எந்த உயரத்தில் வேண்டுமானாலும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அளக்கலாம். இனிமேல் டேப்பே வேண்டாம் என்பது தலைமை அலுவலகத்தின் கனவு. அந்தக் கனவு பலிக்குமா என்று இந்த வயலில் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை நடந்து முடித்தாள். சனிக்கிழமை மத்தியானம் டீ அறைக்கு வந்து, டாக்டரம்மா எதிரே லேப்டாப்பைத் திறந்து வைத்தாள்.

"அண்ணி, முதல்ல டீயைக் குடிச்சு முடிச்சிருங்க."

"ஏன், மெஷின் புட்டுக்கிச்சா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. எல்லாக் குளோனுக்கும் என் அளவும் உங்க டேப் அளவும் அப்படியே ஒத்துப்போகுது. ஒண்ணே ஒண்ணு மட்டும் ஒத்துப்போகல."

டாக்டரம்மா டீக் கோப்பையை வைத்தார். எது என்று கேட்கவில்லை.

"உங்க ஆளு டேப்புல குண்டா இருக்காரு, லேசர்ல ஒல்லியா இருக்காரு," என்றாள் நாத்தனார். "ஒரு பாத்தில இல்ல, எல்லாப் பாத்திலயும்."

"வெள்ளைப் பட்டை. வெளிச்சம் பட்டா கூசும். உன் மெஷினுக்குக் கண்ணு தெரியல."

"வெள்ளைப் பட்டை இருக்கற குளோன் இன்னும் பத்து இருக்கு அண்ணி. அதையெல்லாம் ஒழுங்கா அளந்துச்சு. மாப்பிள்ளையைக் கண்டா மட்டும் அதுக்கு வெக்கமா?"

"மெதுவா பேசு!" டாக்டரம்மா வாசலைப் பார்த்தார். ஏணி மூலையில் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு உயரத்தில் காது இருப்பவருக்கு இதெல்லாம் கேட்டிருக்குமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். "வித்தியாசம் கொஞ்சந்தான். ஆனா பருமனை வெச்சு மர எடையைக் கணக்குப் போடறப்ப அது பெருசாகுது. லேசர் கணக்குல பதினெட்டாம் நம்பர் முதல். உங்க ஆளு மூணாவது."

"பதினெட்டா? அந்தச் சுருட்டைத் தலையா?"

"அதேதான். ஆலைக்காரங்களுக்குத் தலையைப் பத்திக் கவலை இல்ல."

"நான் ஏழு வருஷமா அளக்கறேன். நீ நேத்து வந்து நடந்துட்டு, மூணாவதுங்கற."

"அண்ணி, கோவப்படாதீங்க. திங்கக்கிழமை நான் ரிப்போர்ட் குடுக்கணும். யார் அளந்தாங்கன்னும் அதுல வரும். உங்க சுவத்துல ஒட்டியிருக்கற விதியை நானும் படிச்சிருக்கேன். யாராவது கேட்டா நான் என்ன சொல்றது?"

 டாக்டரம்மாவிடம் பதிலுக்குப் பதிலாகக் கோபம் இருந்தது. எழுந்து விடுவிடுவென்று கிடங்கு அறைக்குப் போனார். ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்திருந்த கழியை உருவினார். ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், லீவு நாள் என்றும் பார்க்காமல், சர்வேயரை எழுப்பி வண்டியை எடுக்கச் சொன்னார். லேசரின் மானத்தை வாங்குவதற்குத் துணைக்கு ஆள் வேண்டியிருந்தது. சர்வேயர் வழியெல்லாம் கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தார்.

வயலில் ஆள் நடமாட்டம் இல்லை. தைலமரங்கள் அந்த வருஷத்துப் பட்டையை உரித்துப்போட்டுவிட்டு நின்றன. கீழெல்லாம் சுருள் சுருளாகக் கிடந்தது. முதல் அளவெடுப்பின்போது ஒவ்வொரு மரத்திலும் அளவு உயரத்தில் பெயிண்டால் ஒரு வளையம் போட்டிருந்தார்கள். வருஷா வருஷம் சட்டை உரிக்கிற மரத்தில் பெயிண்ட் எத்தனை நாள் நிற்கும்? அது எப்போதோ பட்டையோடு போய்விட்டது. அப்புறம்தான் பொத்தானும் சட்டைப் பையும் பதவிக்கு வந்தன.

முதல் பாத்தியில் மாப்பிள்ளையின் முன்னால் போய் நின்றார் டாக்டரம்மா. "கழியை மரத்தோட ஒட்டி நேரா புடிங்க," என்றார். சர்வேயர் பிடித்தார். அந்த வேலையில் அவருக்குக் கை நடுங்காது. டாக்டரம்மா வழக்கம்போல நேரே நின்று, மேல் பொத்தானைத் தொட்டு, அதற்கு நேராக டேப்பைச் சுற்றினார். அப்புறம் கழியைப் பார்த்தார்.

சிவப்புக் கோடு டேப்புக்கு மேலே இருந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, ஒரு கை அகலம் மேலே.

டாக்டரம்மா கீழே குனிந்து பார்த்தார். பள்ளத்தில் நிற்கவில்லை. பூட்ஸைப் பார்த்தார். அதே பூட்ஸ்தான். பொத்தான் தொண்டைக்குழியில் இல்லை, நெஞ்செலும்பின் மேல் இருந்தது. அப்படியானால் காக்கிக் கோட்டு கீழே இறங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இவர் மேலே ஏறியிருக்க வேண்டும். இந்த வயதில் வளர்ந்துவிட்டோமோ என்று ஒரு கணம் அவருக்கு நிஜமாகவே ஒரு சந்தோஷம் வந்து போனது. படித்தவர்தான். ஆனால் ஆயுள் முழுக்க எட்டாத அலமாரிகளோடு மல்லுக்கட்டியவர்.

"இந்தப் பட்டன் இங்க இல்லையே," என்றார் மெல்ல. "இன்னும் மேல இருந்துச்சே."

சர்வேயர் கழியைப் பிடித்தபடியே எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஓ, அதுவா! மேல் பட்டனை நான்தான் எடுத்துட்டேன். துளையை அடைச்சு, காலரை மடிச்சுத் தெச்சேன். இது ரெண்டாவது பட்டன். ரெண்டு வருஷம் ஆச்சே, தெரியவே இல்லல்ல? தையல் அவ்வளவு சுத்தம்."

டாக்டரம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யார் எடுக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"சொல்லாம ஏன் எடுத்தீங்க?"

"கழுத்தை இறுக்கிட்டு இருந்துச்சு," என்றார் சர்வேயர். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் பெருமை கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. "ஏன், அது ஏதாவது முக்கியமான பட்டனா?"

 டாக்டரம்மா கழியை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு பாத்தியாகப் போனார். எல்லா மாப்பிள்ளைகளையும் சிவப்புக் கோட்டுக்கு நேராக அளந்தார். மரம் கீழே போகப் போகப் பருக்கும் என்பது தைலமரத்துக்குக்கூடத் தெரிந்த விஷயம். ஒரு கை அகலம் கீழே அளந்தால் மாப்பிள்ளைக்குச் சதை வராமல் வேறு என்ன வரும்? எல்லாம் முடித்துவிட்டு, போகிற போக்கில் பதினெட்டாம் நம்பரையும் அளந்தார். சுருட்டைத் தலைச் சனியன் அசைக்க முடியாமல் முதலிடத்தில் இருந்தது. நாத்தனாரின் மெஷின் பொய் சொல்லவில்லை. உடம்பு போட்டது கோட்டின் ஒரு பொத்தான்தான். அதற்குத்தான் தாமத வளர்ச்சி என்று கொள்கை எழுதி வைத்திருந்தார். கடைசி பாத்தியின் ஓரத்தில் உரிந்து கிடந்த பட்டைக் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது. மரத்துக்காக அழுகிறோமா, மானத்துக்காக அழுகிறோமா என்று அவருக்கே தெரியவில்லை.

சர்வேயர் கொஞ்சம் தள்ளி நின்றார். எதையாவது சொன்னால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் சொன்னார்.

"எல்லைக் கல்லை நகத்தினது நான். அபராதம் என் பேர்ல போடச் சொல்லு."

டாக்டரம்மாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்து, மூக்கைச் சிந்த வேண்டியதாயிற்று.

சாயங்காலம் நாத்தனார் வீட்டுக்கு வந்தாள். விஷயத்தைக் கேட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். அண்ணி சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, ஒரு வழி இருக்கு. பொய் இல்லாத வழி. ‘ஒரு குளோனில் டேப் அளவும் லேசர் அளவும் வேறுபடுகின்றன, மேற்கொண்டு ஆய்வு தேவை’ன்னு எழுதிடறேன். எல்லா ரிப்போர்ட்லயும் கடைசியில இருக்கற வரிதானே? யாரும் படிக்க மாட்டாங்க. கமிட்டிக்காரங்களுக்கு லேசர் மேல இன்னும் நம்பிக்கை வரல. உங்க டேப்பை வெச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க."

அது நல்ல வழியாகத்தான் இருந்தது. டாக்டரம்மா யோசித்துப் பார்த்தார். மூன்றாவது என்றால் ஒன்றும் மோசம் இல்லை. கோணல் இல்லாத மரம். நோய் வராத மரம். வளர்க்கிறவர்கள் யாரும் நஷ்டப்பட்டுத் தெருவில் நிற்கப் போவதில்லை. கொஞ்சம் குறைவாக விளையும், அவ்வளவுதானே? லட்சம் மரத்தில் அந்தக் கொஞ்சம் எவ்வளவு ஆகும் என்று அவருடைய மூளை கேட்காமலேயே பெருக்கிக் காட்டியது. படித்த படிப்பு சமயம் பார்த்துத்தான் காலை வாரிவிடும்.

"வேண்டாம்," என்றார் கடைசியில். "நீ உள்ளதை எழுது. நான் உள்ளதைச் சொல்றேன்."

"பேர் வெச்சதையுமா?"

"அதையும்தான்."

நாத்தனார் கொஞ்ச நேரம் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

திங்கட்கிழமை கமிட்டி அறையில் மற்றவர்கள் கோப்புகளோடு வந்தார்கள். டாக்டரம்மா கையில் காக்கிக் கோட்டையும் தோளில் கழியையும் வைத்துக்கொண்டு வந்தார். டைரக்டர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"என்ன டாக்டர், யாரையாவது அடிக்கப் போறீங்களா?"

"என்னைத்தான் சார்," என்று சொல்லிவிட்டு, கோட்டை மேஜைமேல் விரித்துப் போட்டார். ஆரம்பத்திலிருந்து சொன்னார். பெயர் வைத்ததைச் சொன்னார். விதியை எழுதி ஒட்டச் சொன்ன தானே அதை மீறி அளந்ததைச் சொன்னார். பொத்தானைச் சொன்னார். தாமத வளர்ச்சிக் கொள்கைக்குப் போட்டிருந்த படங்களை அவரே எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார். சொல்லும்போது குரல் ஒரே ஒரு இடத்தில் தடுக்கியது. அறுபத்திரண்டு மூன்றாவது என்று சொல்ல வேண்டிய இடம் அது.

 டைரக்டர் கோட்டின் காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தையல் நல்லாத்தான் இருக்கு," என்றார்.

ஏணி முதலில் சிரித்தார். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். டைரக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் சிரித்துக்கொண்டே மெமோ கொடுக்கிற ரகம். விதியை மீறியதற்கு டாக்டரம்மாவுக்கு ஒரு மெமோ. இனி எல்லோரும் கழி வைத்துத்தான் அளக்க வேண்டும் என்று ஒரு உத்தரவு. ஏணியின் சட்டைப் பையையும் அங்கேயே நிறுத்தி வைத்துக் கழியால் சரிபார்த்தார்கள். அது கச்சிதமாக இருந்தது. ஏணி அன்று முழுக்க இன்னும் இரண்டு அங்குலம் வளர்ந்தவர் மாதிரி நடந்தார். பதினெட்டாம் நம்பர் ஒருமனதாகத் தேர்வாயிற்று. மற்றவற்றை வெட்ட உத்தரவானது.

"சரி, டாக்டர்," என்றார் டைரக்டர். "ஜெயிச்ச மரத்துக்குப் பேர் வெக்கறது உங்க உரிமை. இப்பவாவது முறைப்படி வையுங்க."

டாக்டரம்மா திகைத்தார். ஏழு வருஷமாக அந்த மரத்தை அவர் நின்று பார்த்ததில்லை. வயலில் கடந்து போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறார். அது பாட்டுக்கு, யாரும் கொஞ்சாமல், யாரும் பெயர் சொல்லாமல், ஏணியின் சட்டைப் பைக்கு நேராக வளர்ந்திருக்கிறது. அதற்கு என்ன பெயர் வைப்பது? மேஜைமேல் கிடந்த கோட்டைப் பார்த்தார்.

"பட்டன்," என்றார்.

இப்போது அந்த ஆலையைச் சுற்றி லட்சக்கணக்கில் பட்டன் நிற்கிறது. அவ்வளவு உயரமான மரத்துக்கு இது என்ன பெயர் என்று நாற்று வாங்க வருகிறவர்கள் கேட்பார்கள். ஏணி விலாவாரியாகச் சொல்வார்.

மாப்பிள்ளைகளை வெட்டிய அன்று டாக்டரம்மா வயலுக்குப் போனார். போக வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். வெட்டு இயந்திரம் ஒரு மரத்தைப் பிடித்து, அறுத்து, கிளை தட்டி, அடுக்கி வைக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கடைசிப் பாத்தி முடிகிறவரை நின்றார். ஒன்றில்கூடக் கோணல் இல்லை என்று ஏணியிடம் சொன்னார். ஏணி, "ஆமாம் மேடம், நல்ல பையன்தான்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காக ஏணியை அவர் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சர்வேயர் ஜன்னலோரம் உட்கார்ந்து, கோட்டை மடியில் போட்டுக்கொண்டு, ஊசியில் நூல் கோக்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பழைய பொத்தான் இருந்தது.

"என்ன பண்றீங்க?"

"மேல் பட்டனைத் திரும்ப வெச்சுடறேன். பத்திரமா எடுத்து வெச்சிருந்தேன்."

"வேண்டாம். இப்போ கழி இருக்கு." டாக்டரம்மா எதிரே உட்கார்ந்தார். "உண்மையைச் சொல்லுங்க. நான் ஒருநாளும் கழுத்தை இறுக்குதுன்னு சொன்னதே இல்ல. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சர்வேயர் ஊசியைப் பார்த்தபடியே சொன்னார். "நீ சொல்லல. சாயங்காலம் கோட்டைக் கழட்டுவ பாரு, அப்போ தொண்டையில செவப்பா ஒரு தழும்பு இருக்கும். காசு அளவு. பட்டன் அழுத்தி அழுத்தி வந்தது. வருஷக்கணக்கா இருந்துச்சு. நான் எடுத்தப்புறம் ஒரு மாசத்துல போயிடுச்சு."

டாக்டரம்மாவின் கை தன்னால் தொண்டைக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. மரத்தின் பட்டையில் பூச்சி உட்கார்ந்த தடம்கூட அவர் கண்ணுக்குத் தப்பாது. தன் தொண்டையில் ஒரு தழும்பு இருந்ததும் அவருக்குத் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. எதிரே இருந்த மனிதர் தினமும் பார்த்திருக்கிறார். இவர் வயலைப் பற்றிச் சாப்பாட்டு மேஜையில் அளந்துகொண்டிருந்த அத்தனை வருஷமும் பார்த்திருக்கிறார். அந்த நினைப்பு அவரை உலுக்கிவிட்டது.

கைப்பையைத் திறந்து டேப்பை எடுத்தார்.

"எந்திரிங்க."

"எதுக்கு?"

"வருஷத்துக்கு ஒருவாட்டி அளக்கணும்னு சொன்னீங்கல்ல? எந்திரிச்சு நேரா நில்லுங்க."

சர்வேயர் ஊசியைக் கையில் பிடித்தபடியே எழுந்து நின்றார். டாக்டரம்மா எக்கி நின்று, நெஞ்சளவு உயரத்தில், அவரைச் சுற்றி டேப்பைப் போட்டார். கை பின்பக்கம் எட்டவில்லை. கன்னத்தை அவர் சட்டையோடு அழுத்தி வைத்துத்தான் மறுமுனையைப் பிடிக்க முடிந்தது. பிடித்த பிறகும் விடவில்லை.

"எவ்வளவு?" என்று கேட்டார் சர்வேயர்.

"இருங்க, இன்னும் படிக்கல," என்றார் டாக்டரம்மா.